அஞ்சியும் நின்றவர்கள்

வீரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் நம் எழுத்தாளர்களுக்குத் தனியொரு உற்சாகம் பிறந்துவிடுகிறது. அவர்கள் படைக்கும் வீரனுக்குக் கை நடுங்குவதில்லை, நா உலர்வதில்லை, மனைவி மக்களின் நினைவு குறுக்கே வருவதுமில்லை. கொடியோன் முன் நெஞ்சை நிமிர்த்தி நின்று, வாய்மையை இடியென முழங்கிவிட்டு, இன்முகத்தோடு துன்பத்தை ஏற்றுக்கொள்கிறான். படிக்கையில் நமக்கும் மெய்சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஏட்டை மூடிவைத்துவிட்டுக் கடைக்கோ அலுவலகத்துக்கோ புறப்படும்போது அவன் நம்முடன் வருவதில்லை. அச்சமே அறியாத ஒருவனிடமிருந்து, அஞ்சி அஞ்சி வாழ்கின்ற நாம் பெற்றுக்கொள்ளக்கூடியதுதான் என்ன?

இக்கேள்வி மனத்தை அரித்துக்கொண்டிருந்த நாளொன்றில், நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்ஸன் 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மக்கள் பகைவன்' என்னும் நாடகத்தை மறுபடியும் எடுத்து வாசித்தோம். இளமையில் வாசித்தபோது அதன் நாயகரான டாக்டர் ஒருவரே நம் கண்ணை நிறைத்து நின்றார். இம்முறை அவருக்குப் பின்னால், அரங்கின் ஓரத்தில், அதிகம் பேசாமல் நிற்கும் இருவர் மீதே நம் பார்வை போய்ப் போய்ப் படிந்தது. அவர்களைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தென் நார்வேயின் கடலோரத்தில் ஒரு சிற்றூர். அவ்வூருக்குப் புதிதாக வாய்த்திருக்கும் செல்வம் ஒரு நீராடு நிலையம். வெளியூர்களிலிருந்து நோயாளிகள் நலம் நாடி வந்து தங்குகிறார்கள். அதனால் வீட்டு வாடகை ஏறுகிறது, நிலத்தின் விலை ஏறுகிறது, வரிச்சுமை குறைகிறது. அந்நிலையத்தின் மருத்துவ அதிகாரி டாக்டர் தாமஸ் ஸ்டாக்மன். அவருடைய அண்ணன் பீட்டர் நகரத் தலைவர். காவலும் அவர் கையில். நீராடு நிலையக் குழுவுக்கும் அவரே தலைவர். நலம் தேடி வந்தவர்களுக்கே காய்ச்சலும் வயிற்று நோயும் கண்டதைக் கவனித்த டாக்டர், தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் செய்கிறார். மேலே பள்ளத்தாக்கிலுள்ள தோல் பதனிடும் சாலைகளின் கழிவு ஊறி, நிலையத்தின் நீர் முழுவதும் கெட்டுக்கிடக்கிறது என்று முடிவு வருகிறது. குழாய்களைப் பெயர்த்து மேட்டுக்கு மாற்றவேண்டும். அதற்கு இலட்சக்கணக்கான குரோனர் செலவாகும். இரண்டாண்டு காலம் நிலையத்தை மூடவும் வேண்டிவரும். முதலில் டாக்டரைத் தோளில் தூக்கி ஆடிய பத்திரிகை ஆசிரியரும் அச்சகக்காரரும், செலவு வரிகட்டுவோர் தலையில் விழும் என்று நகரத் தலைவர் காதில் ஓதியதும், ஒரே நாளில் கட்சி மாறுகிறார்கள். பொதுக்கூட்டத்தில் டாக்டர் 'மக்கள் பகைவன்' என்று தீர்மானிக்கப்படுகிறார். வேலை போகிறது, வீடு போகிறது, சன்னல்கள் கல்லெறியில் உடைகின்றன. ஊரைவிட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட எண்ணியவர், இறுதியில், 'இங்கேயே இருப்பேன்' என்று நிலைத்துவிடுகிறார்.

நாடகத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் டாக்டரை அஞ்சா நெஞ்சர் என்று புகழ்ந்தே அமைகிறார்கள். அவர் அஞ்சாதவர் என்பது மெய்தான். ஆனால் ஏன் அஞ்சவில்லை என்று அவர்கள் கேட்பதில்லை. முதலங்கத்தைக் கூர்ந்து பாருங்கள். சோதனை முடிவு அடங்கிய கடிதம் கைக்கு வந்ததும் மனிதர் குதூகலிக்கிறார். மனைவியைப் பிடித்துச் சுழற்றி ஆடுகிறார். ஊர் தமக்கு நன்றி பாராட்டப்போகிறது என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. சம்பள உயர்வு கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று, எவரும் கொடுக்க முன்வராத ஒன்றை முன்கூட்டியே மறுக்கவும் செய்கிறார்! தாம் தொடப்போவது ஊராரின் பணப்பையை என்பது அவர் புத்தியில் உறைக்கவேயில்லை. இருட்டில் பாம்பை மிதிக்கப்போகிறவன் அஞ்சாமல் நடப்பதைத் துணிவு என்று எவரேனும் சொல்வதுண்டா?

இப்ஸன் இதை அறியாதவரல்லர். தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதமொன்றில், டாக்டருக்கும் தமக்கும் நல்ல பொருத்தம் என்று சொல்லிக்கொண்டவர், எனினும் தம்மைக்காட்டிலும் டாக்டர் குழம்பிய தலையுடையவர் என்று ஒரு வார்த்தையும் சேர்த்தே எழுதினார். அதற்கு முந்தைய 1881ஆம் ஆண்டில் வெளியான 'ஆவிகள்' நாடகத்துக்காக நாடெங்கும் வசை கேட்டுப் புண்பட்டிருந்தவர் அவர். தாராளவாதிகள் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட பத்திரிகைகளே அன்று அவரைக் கைவிட்டன. அந்தக் காயத்தின் சூட்டோடு எழுதிய நாடகத்திலும் தம் நாயகரைச் சற்றே எள்ளி நகையாட அவரால் முடிந்ததே, அதுதான் பெரிய கலைஞனின் அடையாளம் என்று நாம் கருதுகிறோம்.

இந்நாடகத்தின் உண்மையான பொருள் அச்சம். ஐந்தாம் அங்கத்தைப் படிக்கும்போது ஒரே சொல் மீண்டும் மீண்டும் காதில் விழுந்துகொண்டேயிருக்கும்: துணியவில்லை. உடைந்த சன்னலுக்குக் கண்ணாடி போட ஆள் வருவதில்லை. அவன் துணியவில்லை, அண்டை அயலார் என்ன சொல்வார்களோ! வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். அவருக்கும் விருப்பமில்லையாம், ஊரார் மனம் கோணும்படி நடக்கத் துணியவில்லையாம். டாக்டரின் மகள் பெட்ரா ஆசிரியையாகப் பணிபுரிந்த பள்ளியின் தலைமையாசிரியை அவளை வேலையிலிருந்து நீக்குகிறார். அந்த அம்மையாரும் கெட்டவரல்லர், வந்து குவிந்த கடிதங்களைக் கண்டபின் வைத்துக்கொள்ளத் துணியவில்லை. சிறுவர் இருவரும் பள்ளியில் பிற பிள்ளைகளோடு கைகலந்துவிட்டதால் சில நாள் வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பெரும் செல்வரான கப்பல் முதலாளி விக் கூட, தம் கேப்டனை வேலையிலிருந்து விலக்கிவிட்டு, துணிவிருந்தால் வைத்துக்கொண்டிருப்பேன் என்கிறார்! யாருக்கு யார் அஞ்சுகிறார்கள்? ஒருவரை ஒருவர் நோக்கி அஞ்சுகிறார்கள். நகரத் தலைவர் ஒருவர்தான் கொடியவர் என்று விரல் நீட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இப்ஸன் இடம் வைக்கவில்லை. கல்லெறிந்தவர்களும் கொடியவர்களல்லர் என்பதே இந்நாடகத்தில் நம்மைத் தூங்கவிடாத செய்தி. அவரவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் கேட்பதற்கு நியாயமாகவும் இருந்தது.

இப்படி ஓர் ஊரே அஞ்சிக்கிடக்கும்போது, அதே அச்சம் உள்ளே இருக்க, அதையும் மீறிச் செயல்படுகிறவர்கள் யார்? முதலாமவர் டாக்டரின் மனைவி கேதரீன்.

அந்த அம்மையாரை விமர்சகர்கள் பலரும் அற்பமாகவே நடத்திவிட்டார்கள். 'கணவனின் இலட்சியத்தைப் புரிந்துகொள்ளாத குடும்பப் பெண்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். வறுமையில் உழன்ற ஆண்டுகள் அவளுக்கு நினைவிருக்கின்றன. வேலை போனால் இரண்டு பையன்களுக்கும் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்கிறாள். அதிகாரம் இல்லாத இடத்தில் நியாயம் மட்டும் இருந்து என்ன பயன் என்று கணவரிடம் வாதாடுகிறாள். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் மாதக் கடைசியில் அடுப்பெரிக்க வழிதேடிய அனுபவம் இல்லாதவர்களாக இருக்கவேண்டும்.

மூன்றாம் அங்கத்தில் அவள் பத்திரிகை அலுவலகத்துக்கு வருவது, கணவரைத் தடுத்து வீட்டுக்கு அழைத்துப்போக. வந்த இடத்தில், நேற்றுவரை டாக்டரைப் போற்றியவர்கள் அவருடைய கட்டுரையை அச்சிடமாட்டோம் என்று கைவிரிப்பதைத் தன் கண்ணால் பார்க்கிறாள். அக்கணமே அவள் மாறிவிடுகிறாள். தெருத்தெருவாகப் பறையடித்துச் சொல்வேன் என்று டாக்டர் கொதிக்க, பிள்ளைகளை உங்களோடு அனுப்புகிறேன் என்கிறாள். நீயும் வா என்று அவர் அழைக்கிறார். அதற்கு அவள் சொல்லும் விடையில்தான் நம் மனம் தங்கிவிட்டது. என்னால் முடியாது, நான் சன்னலருகே நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறாள்.

மலிவான நாடகாசிரியன் ஒருவன் என்ன செய்திருப்பான்? அவளைச் சிங்கமென முழங்கவைத்து, கணவருக்கு முன்னே பறையைத் தூக்கிக்கொண்டு நடக்கவைத்திருப்பான். கொட்டகை கைதட்டலால் அதிர்ந்திருக்கும். இப்ஸன் அவளுடைய அச்சத்தை அவளிடமே விட்டுவைக்கிறார். அவளால் தெருவுக்கு வர இயலாது. ஆனால் தன் உயிருக்கு உயிரான பிள்ளைகளை அனுப்பவும், ஊரார் காணும்படி சன்னலில் நிற்கவும் இயலும். இயன்ற அளவை அவள் மறைக்கவுமில்லை, மிகைப்படுத்தவுமில்லை. நான்காம் அங்கத்தின் முடிவில் கூட்டம் ஊளையிடும்போது, பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்று கெஞ்சுகிறவளும் அவளே. பின்வாசல் கூடாது என்று கணவர் மறுத்ததும், அந்தக் கூட்டத்தின் நடுவே அவரோடு நடந்து போகிறவளும் அவளேதான். ஸ்டாக்மன் ஒரு தடவை முழங்கிவிட்டுப் போகும் தூரத்தை இவள் ஒவ்வோர் அடியாக, ஒவ்வோர் அடியிலும் தயங்கித் தயங்கிக் கடக்கிறாள்.

இரண்டாமவர் கேப்டன் ஹார்ஸ்டர். இவருக்கு நாடகத்தில் வசனமே மிகச் சொற்பம். முதலங்கத்தில் விருந்தினர்கள் அரசியல் பேசி ஆரவாரிக்கும்போது இவர் ஒதுங்கியிருக்கிறார். ஊர்த் தேர்தலில் வாக்களிக்கமாட்டீரா என்று ஒருவன் கேட்கிறான். அதெல்லாம் எனக்கு விளங்காது என்கிறார். சமுதாயம் ஒரு கப்பல், எல்லாரும் சுக்கானில் கைவைக்க வேண்டாமா என்று அவன் உபதேசிக்க, கரையில் அது சரியாக இருக்கலாம், கப்பலில் ஒத்துவராது என்று விடை சொல்கிறார். நம் கடற்கரைப் பட்டினங்களில் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய குடும்பத்தினர் இந்த வரியைப் படித்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

அரசியல் விளங்காத இந்த மனிதர்தான், ஊரில் ஒரு மண்டபமும் டாக்டருக்குக் கிடைக்காதபோது தம் வீட்டின் பெரிய கூடத்தைக் கூட்டம் நடத்தத் திறந்துவிடுகிறார். டாக்டரின் கருத்துக்களில் அவருக்கு என்ன உடன்பாடு என்று எங்கும் சொல்வதில்லை. ஒரு மனிதன் தன் பேச்சைப் பேச ஓர் இடம் வேண்டும்; இடம் தம்மிடம் இருக்கிறது; கொடுக்கிறார். கூட்டத்தின்போதே முதலாளி விக் அவரிடம் வந்து, மக்கள் பகைவர்களுக்கு வீடு கொடுக்கிறீரோ என்று கேட்கிறார். என் உடைமையை என் விருப்பப்படி பயன்படுத்துகிறேன் என்கிறார் கேப்டன். அப்படியானால் என் உடைமையை நானும் என் விருப்பப்படி பயன்படுத்தலாமல்லவா என்று முதலாளி திரும்பிவிடுகிறார். அந்த உடைமை என்பது கேப்டன் ஓட்டவேண்டிய கப்பல். மறுநாள் வேலை போய்விடுகிறது.

வேலை போன செய்தியைக் கேட்டு டாக்டர் பதறுகிறார். கேப்டனோ, வேறு ஊரில் வேறொரு கப்பல் கிடைக்காமலா போகும் என்று அவரைத் தேற்றுகிறார். நாடகத்தில் எவரும் இவருக்கு நன்றி கூறி நீண்ட உரை நிகழ்த்துவதில்லை. இவரும் தம் செயலுக்கு விளக்கம் சொல்வதில்லை. டாக்டரின் துணிவுக்கு அறிவியல் ஆதாரம் இருந்தது; குடும்பம் இருந்தது; பேச்சுவன்மை இருந்தது; வெல்வோம் என்ற நம்பிக்கையும் நெடுநேரம் வரை இருந்தது. ஹார்ஸ்டருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. இழக்கப்போவது இன்னதென்று நன்கறிந்து, வரப்போகும் பயன் ஒன்றுமில்லை என்றும் அறிந்து, கதவைத் திறந்தார்.

இந்த இடத்தில் நம் சொந்த வாழ்வின் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்நாடகம் நமக்குத் தொலைநாட்டுக் கதையாக இருக்கமுடியாதபடி செய்திருப்பது அதிலுள்ள தோல் சாலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் வாடை நினைவுக்கு வராதவர் நம்மில் உண்டா? நம் சமுதாயத்தின் பெருஞ்செல்வம் அத்தொழிலில் விளைந்தது. 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரி முதலாகப் பள்ளிகளும் மதரஸாக்களும் தோல் வணிகர்களின் ஈகையால் தழைத்தன. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பு வந்தபின், பாலாற்றுப் படுகையின் நீர் என்ன ஆயிற்று என்பதையும் அறிவோம். வேலூர் மக்கள் நலப் பேரவை தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்ற ஆய்வை எடுத்துக்காட்டியது; கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியையும் நிலைநாட்டியது.

அத்தீர்ப்புக்குச் சில ஆண்டுகள் முந்தி, நாம் வாழ்ந்த மஹல்லாவில் ஒரு கூட்டம். பள்ளிவாசல் ஹவுளில் தண்ணீர் நிறம் மாறிவிட்டிருந்தது. ஒளூ செய்தால் கையில் அரிப்பு. காரணம் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்திலிருந்தவர்களில் முக்காற்பங்கினர் அந்தக் காரணத்திடம் கூலி வாங்குகிறவர்கள், மீதிப்பேர் கடன்பட்டவர்கள். மழை பொய்த்தது, கிணறு தூர்ந்தது என்று பேச்சு சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து எழுந்தவர் மோதினார். ஜமாஅத் கொடுக்கும் சொற்பச் சம்பளத்திலும், பள்ளியை ஒட்டிய ஓரறை வீட்டிலும் வாழ்ந்தவர். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த கை நடுங்கியது நமக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "தப்பா நெனச்சிக்காதீங்க மொதலாளி" என்று மூன்று தடவை தொடங்கினார். நான்காம் தடவையில்தான் சொல்லவந்ததைச் சொன்னார்: ஷாப்புத் தண்ணி வாய்க்காலை மாற்றிவிட்டால் ஹவுள் சரியாகிவிடும்.

எவரும் ஆமோதிக்கவில்லை, மறுக்கவுமில்லை. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். எழுத்தறிவுள்ளவர் என்று ஊர் நமக்குக் கொடுத்திருந்த மரியாதையோடு, பாயில் அமர்ந்து, கோரையை எண்ணிக்கொண்டிருந்தோம். சில மாதங்களில் அவருக்கு வயதாகிவிட்டது என்று காரணம் சொல்லி வேறொருவரை அமர்த்தினார்கள். அவர் வீட்டைக் காலி செய்த நாளில் வண்டி பிடித்துக்கொடுத்தது மட்டுமே நாம் செய்தது. ஹார்ஸ்டர் வேலையிழந்த காட்சியைப் படிக்கும்போதெல்லாம் நாம் யாருடைய இடத்தில் இருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். கண்ணாடிக்காரன் இடத்தில்.

நாடகத்துக்கு மீள்வோம். ஐந்தாம் அங்கத்தில் மார்ட்டன் கீல் என்னும் கிழவர் வருகிறார். கேதரீனை வளர்த்த தந்தை. நீரைக் கெடுத்த தோல் சாலைகளில் மிக மோசமானதின் சொந்தக்காரர். பாட்டன், தந்தை, தாம் என மூன்று தலைமுறையாக ஊரை நஞ்சூட்டி வந்தோம் என்ற பழியோடு சாக அவருக்கு விருப்பமில்லை. அதற்கு அவர் கண்ட வழி விசித்திரமானது. கேதரீனுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்திருந்த பணத்தைப் போட்டு, விலை விழுந்து கிடந்த நீராடு நிலையப் பங்குகளை வாங்கிக்கொண்டு வந்து டாக்டர் முன் வைக்கிறார். தண்ணீர் நஞ்சு என்று நீர் சொல்லிக்கொண்டே இருந்தால் இந்தப் பங்குகள் வெறுங்காகிதம். சொன்னது தவறு என்று சொல்லிவிட்டால் உம் மனைவி மக்களுக்குச் செல்வம். பிற்பகல் இரண்டு மணிக்குள் விடை வேண்டும்.

இந்த ஒரே இடத்தில்தான் ஸ்டாக்மன் தடுமாறுகிறார். வாங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று கத்துகிறார். ஒருவேளை நஞ்சைப் போக்க அறிவியலில் ஏதேனும் மருந்து கிடைக்குமோ என்று தாமே தம்மை ஏமாற்றிக்கொள்ளப் பார்க்கிறார். கேதரீனிடம் பேசவேண்டும் என்கிறார். கல்லடிக்கு அஞ்சாதவரை மனைவியின் எதிர்காலம் அசைத்துவிடுகிறது. சற்று நேரம் சென்றபின் ஒரு அட்டையில் 'இல்லை' என்று மூன்று தடவை எழுதிக் கிழவருக்கு அனுப்புகிறார். அந்த மூன்று சொற்களை எழுதும் போதுதான் அவர் நம் மதிப்பில் உயர்ந்தார். அதற்குமுன் அவர் செய்தவை யாவும் இயல்பூக்கத்தில் செய்தவை. இது ஒன்றே விலையறிந்து செய்தது.

நம் காலத்திலும் ஒரு மருத்துவர் இருந்தார். சீன நாட்டு வூஹான் நகரின் கண் மருத்துவர் லீ வென்லியாங். புதிய காய்ச்சலொன்று பரவுகிறது என்று 2019 டிசம்பர் 30 அன்று உடன் பயின்ற மருத்துவர்களை எச்சரித்தார். காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, பொய்ச்செய்தி பரப்பியதாகக் கண்டிக்கும் தாளில் 2020 ஜனவரி 3இல் கையெழுத்திட்டார். ஸ்டாக்மன் போட்டிருக்கமாட்டார் அந்தக் கையெழுத்தை. ஆனால் லீ மறுபடியும் பணிக்குத் திரும்பி, நோயாளி ஒருவரிடமிருந்து அதே நோயைப் பெற்று, படுக்கையில் கிடந்தபடி அந்தத் தாளை உலகறிய வெளியிட்டார். பிப்ரவரி 7இல் மறைந்தார். முதலில் பணிந்த கையே பின்னர் அதை வெளியிட்டது. கேதரீனை எழுதிய இப்ஸனுக்கு இம்மனிதரை விளங்கியிருக்கும் என்று எண்ணுகிறோம்.

நாடகத்தில் குறையே இல்லையா என்று கேட்கலாம். பெரிய குறை ஒன்றுண்டு. அது நான்காம் அங்கத்தில் இருக்கிறது. தண்ணீரைப் பற்றிப் பேசவிடாமல் தடுக்கப்பட்ட டாக்டர், பெரும்பான்மை என்பதே பிழையானது என்று ஆரம்பித்து, சாதாரண மக்களைத் தெருநாய்க்கும் மேன்மக்களை உயர்சாதி நாய்க்கும் ஒப்பிட்டு ஒரு பிரசங்கம் செய்கிறார். ஆத்திரத்தில் பேசியது என்று மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை. பிறப்பால் மனிதரில் ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் பேச்சு எந்த வாயிலிருந்து வந்தாலும் நமக்கு ஒவ்வாது. உண்மையை ஒருவர் மட்டும் அறிந்திருக்கலாம். அதனால் மற்றவர்கள் இழிந்தவர்கள் ஆகிவிடமாட்டார்கள். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1950இல் இந்நாடகத்தைத் தம் நாட்டு மேடைக்கு மாற்றி எழுதியபோது, செனட்டர் மெக்கார்த்தியின் வேட்டை தொடங்கியிருந்த காலம் அது, இப்பகுதியைத்தான் வெட்டிச் சீர்செய்தார். வெட்டியது சரியா என்பதில் நமக்கு இருமனம். அறச்செயல் செய்கிறவருக்குள் ஆணவம் எவ்வளவு எளிதில் குடியேறிவிடுகிறது என்பதைக் காட்ட அந்தப் பேச்சு இருந்தே தீரவேண்டும் என்றும் தோன்றுகிறது.

நாடகத்தின் கடைசி வாக்கியத்துக்கு வருவோம். உலகிலேயே மிக வலியவன் தனித்து நிற்பவனே என்று தாம் புதிதாய்க் கண்ட உண்மையை டாக்டர் அறிவிக்கிறார். பேச்சுப்போட்டிகளில் மேற்கோளாகி மேற்கோளாகித் தேய்ந்துபோன வாக்கியம் அது. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது அரங்கைப் பாருங்கள்! மனைவி அருகில் நிற்கிறாள். மகள் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறாள். பையன்கள் இருவரும் சுற்றி நிற்கிறார்கள். குடியிருக்க வீடில்லாத அவருக்கு ஹார்ஸ்டர் சற்று முன்புதான் தம் வீட்டைக் கொடுத்திருக்கிறார். தெருச் சிறுவர்களைக் கூட்டி டாக்டர் நடத்தப்போகும் பள்ளியும் அந்த வீட்டில்தான். தனியாக நிற்பதாகச் சொல்லும் மனிதர் தனியாக நிற்கவில்லை. அவருடைய சொல்லை அரங்கே மறுத்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுகொண்டவர் சத்யஜித் ராய். மாரடைப்புக்குப்பின் நெடுநாள் படமெடுக்காமல் இருந்தவர், 1989இல் 'கணசத்ரு' என்ற வங்கப் படமாக இக்கதையை எடுத்தார். நீராடு நிலையம் இருந்த இடத்தில் கோயில் தீர்த்தத்தை வைத்தார். பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள்ளேயே எடுத்த படம் என்பதால் அவருடைய மற்றப் படங்களின் விரிவு இதில் இல்லைதான். ஆனால் முடிவை அவர் மாற்றிய விதம் கவனிக்கத்தக்கது. டாக்டர் அசோக் குப்தாவின் உடைந்த சன்னலுக்கு வெளியே அவரை ஆதரிக்கும் இளைஞர்களின் குரல் கேட்கிறது. ராய் இப்ஸனைத் திருத்திவிட்டார் என்று சிலர் குறைபட்டார்கள். இப்ஸன் மேடையில் நிறுத்திவைத்திருந்தவர்களுக்கு ராய் குரல் கொடுத்தார் என்பதே நம் துணிபு.

இதைப் படிக்கும் நம் வாசகர்களுக்குத் திருமறையின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்திருக்கும். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது மூஸா (அலை) தம் அச்சத்தை மறைக்கவில்லை. அவர்களில் ஒருவன் தம் கையால் இறந்திருக்கிறான், தம்மைக் கொன்றுவிடுவார்களோ என அஞ்சுவதாக இறைவனிடமே முறையிடுகிறார். தம்மைவிடத் தெளிவாகப் பேசவல்ல சகோதரர் ஹாரூனைத் துணையாக அனுப்பும்படி வேண்டுகிறார். அஞ்சியதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. கேட்ட துணை கிடைத்தது. நார்வே நாடகத்தில் அண்ணனே பகையாகிவிடுகிறார். ஹாரூனின் இடத்துக்கு முன்பின் உறவில்லாத ஒரு கப்பற்காரர் வந்து சேர்கிறார்.

தமிழில் இந்நாடகத்தை மேடையேற்றும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கமாகக் கடைசிக் காட்சியில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, டாக்டரின் முகத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சித் திரையை இறக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவேண்டாம். கணவர் தம் மகத்தான கண்டுபிடிப்பை அறிவிக்கும் போது கேதரீன் என்ன செய்கிறாள் என்று இப்ஸன் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். அவள் புன்னகைத்துத் தலையை ஆட்டுகிறாள். அந்த முகம் பார்ப்பவர்களுக்குத் தெரியவேண்டும். பக்கத்தில் ஹார்ஸ்டருக்கும், உடைந்த சன்னலுக்கும் சிறிது வெளிச்சம் இருக்கட்டும்.